ஏற்காடு லோக்கல் ட்ரிப் வேன்: அருவிக்கு கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொன்ன டிரைவருக்கு 4 ஸ்டார்

மொதல்லயே சொல்லிடறேன், நான் சேலத்துக்காரி, அம்மாபேட்டை. ஏற்காடு மலை எங்களுக்கு மொட்ட மாடில துணி காயப்போடறப்ப தெரியற மலை. பக்கத்துலயே இருக்கறதாலயோ என்னவோ ஒழுங்கா ஒரு தடவகூட சுத்திப் பார்த்ததில்ல. காலேஜ் படிக்கறப்ப கிளாஸ கட் அடிச்சுட்டு பஸ் ஏறுவோம், ஏரிகிட்ட மொளகா பஜ்ஜி தின்னுட்டு அடுத்த பஸ்ல எறங்கிடுவோம். கல்யாணத்துக்கு அப்புறம் வண்டில போய் லேடீஸ் சீட்னு ஒரு வியூ பாயிண்ட், அங்க நாலு போட்டோ, திரும்ப வீடு. அவ்ளோதான் எனக்கும் ஏற்காட்டுக்கும்.

இந்த மே மாசம் மொத வாரம் எங்க நாத்தனார் குடும்பம் சென்னைலருந்து கார்ல வந்தாங்க, அண்ணி, அண்ணன், ரெண்டு பசங்க. போன வருஷமும் வந்தாங்க, அந்தக் கத தனி. ஞாயித்துக்கெழம காலைல 10 மணிக்கு மேல கிளம்பி அடிவாரத்துலயே வண்டி வரிசைல நின்னு மேல போறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுச்சு, மேல பார்க்கிங் இல்ல, சின்னவன் எட்டாவது வளைவுலருந்தே வாந்தி, கிளியூர் அருவிய பாக்கணும்னு அத்தனை படி எறங்கினா பாறை மட்டும் காஞ்சு போய் நிக்குது, எங்க அத்தை, அதான் மாமியார், பாதி படில உக்காந்துட்டாங்க, எறங்கறப்ப அண்ணன் பிரேக்க மிதிச்சுட்டே வந்ததுல டயர் கிட்டருந்து கருகின வாசனை வந்து நடு ரோட்டுல வண்டிய நிறுத்தி அரை மணி நேரம் நின்னோம். ஊருக்குப் போனதும் அண்ணி எல்லார்கிட்டயும் ஏற்காடு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. எங்கூர ஒண்ணுமில்லன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? அதனால இந்த தடவ நான் பிடிவாதமா, புதன்கெழம போறோம், காலைல 6 மணிக்கு கிளம்பறோம், மேல போனதும் கார ஓரங்கட்டிட்டு லோக்கல் வண்டி எடுக்கறோம்னு சொல்லிட்டேன். இ-பாஸ் எடுக்கணுமான்னு வேற அண்ணன் ரெண்டு நாளா கேட்டுட்டே இருந்தாரு, அது 2024 மே மாசத்துல ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கொண்டு வந்ததுங்க, நாங்க போனப்ப ஏற்காட்டுக்கு யாரும் கேக்கல.

சரி, வண்டி விஷயத்துக்கு வரேன். மேல ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் ஏழரைக்கே வேன்காரங்க நிப்பாங்க. மொதல்ல வந்தவரு அட்டைய நீட்டினாரு, 14 பாயிண்ட், அரை நாள். ரெண்டாவது ஆளு 16 பாயிண்ட்ன்னாரு. என்ன பாயிண்ட்னு படிச்சுப் பாத்தா லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் மூணையும் மூணு பாயிண்ட்டா எழுதியிருக்காங்க, மூணும் கிட்டத்துல கிட்டத்துல இருக்கற இடம். ஏரி ஒண்ணு, எதுத்தாப்ல இருக்கற பார்க் ஒண்ணு. போற வழில இருக்கற ஒரு வியூ பாயிண்ட்டுக்கும் ஒரு நம்பர். இப்படி எண்ணினா எங்க தெருவுலயே 20 பாயிண்ட் காட்டுவேன் நான்.

மூணாவதா ஒரு பழைய ஆம்னி வேன். டிரைவர் அண்ணனுக்கு 50 வயசு இருக்கும். அட்டை எதுவும் இல்ல. அவர் கேட்ட மொத கேள்வி, "யாருக்கு முட்டி வலி இருக்குதுங்க?"

எங்க அத்தை உடனே, எனக்கென்ன நான் நல்லா தான் இருக்கேன்னு சொல்றாங்க, சொல்லிட்டே கார் கதவ புடிச்சுட்டு நிக்கறாங்க. அவர் பாத்துட்டு சிரிச்சாரு. ரெண்டாவது கேள்வி, வாந்தி எடுக்கறது யாரு? சின்னவன முன் சீட்டுல பெரியவங்க மடில உக்கார வெக்காம, ஜன்னலோரமா பின்னால உக்கார வெச்சு, தூரத்துல ரோட்டயே பாத்துட்டு வரச் சொன்னாரு, போன பாத்தா தான் பெரட்டும்னாரு. மூணாவதா அவரே சொல்லிட்டாரு, "கிளியூர் கேக்காதீங்க, இப்ப தண்ணி இல்ல. ஏரி நெரம்பி வழியற தண்ணி தானே அங்க போய் விழுது, மே மாசம் ஏரி எங்கிருந்து வழியும்? வெறும் பாறைய பாக்க அம்மாவ படி எறக்க வேணாம். நல்ல மழைக்கு அப்புறம், ஐப்பசி கார்த்திகைல வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

போன வருஷம் இத யாராவது சொல்லியிருந்தா அத்தையோட ரெண்டு நாள் கால் வலி மிச்சமாயிருக்கும். 300 அடி அருவின்னு படத்துல பாத்துட்டு வராங்க, படம் மழை மாசத்துல எடுத்தது. தண்ணி இருக்கறப்பவும் அங்க பாசி வழுக்கும், செருப்போட பாறை மேல ஏறி போஸ் குடுக்கறதெல்லாம் வேணாம்.

1,800 ரூபா கேட்டாரு, சாயங்காலம் வரைக்கும். அண்ணன் 1,500க்கு பேசிப் பாத்தாரு, நடக்கல. நான் குறுக்க பூந்து சரின்னுட்டேன்.

அவரோட கணக்கு ரொம்ப சிம்பிளுங்க. கெழக்க பாக்கற இடம் காலைல, மேக்க பாக்கற இடம் சாயங்காலம், நடுவுல வெயில்ல எங்கயும் நிக்கக்கூடாது. எங்கள மாதிரி ஆளுங்க பண்றது நேர்மாறு. மலை ஏறி முடிக்கறப்பவே லேடீஸ் சீட் பக்கம் வந்துடறதால மொத வேலையா அங்க போறோம், 11 மணி வெயில்ல கீழ ஒரே மங்கலா இருக்கும், ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டு பகோடா பாயிண்ட்டுக்கு சாயங்காலம் போறோம், அங்க சூரியன் முதுகுக்குப் பின்னாடி.

ஏரிக்கு போட் ஹவுஸ் தெறக்கற நேரத்துக்கே கொண்டு போய் நிறுத்தினாரு. கூட்டமே இல்ல. பெடல் போட்ல பசங்களும் அண்ணனும், துடுப்பு போட்ல நாங்க. போன வருஷம் இதே எடத்துல டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, போட்டுக்கு ஒரு வரிசைன்னு ஒன்றரை மணி நேரம் நின்னோம். லைஃப் ஜாக்கெட்ட கழட்டிட்டு செல்ஃபி எடுக்கறவங்கள பாத்தேன், அங்க வேலை செய்றவரு கரைலருந்து கத்திட்டே இருந்தாரு, பாவம்.

பகோடா பாயிண்ட் அதுக்கப்புறம். காலை வெளிச்சத்துல கீழ ஊரு, வயல், தென்னந்தோப்பு எல்லாம் துல்லியமா. பாறைகிட்ட கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் காலேஜ் பசங்க நாலு பேரு கால தொங்கப் போட்டு உக்காந்திருந்தானுங்க. எங்க டிரைவர் அண்ணன் அவனுங்ககிட்ட போய் கோவமா இல்லாம ஏதோ சொன்னாரு, எந்திரிச்சு வந்துட்டானுங்க. என்ன சொன்னீங்கன்னு கேட்டதுக்கு, "அந்தப் பாறை காலைல ஈரமா இருக்கும், உங்க ஜீன்ஸ்ல கறை புடிச்சா போகாதுன்னேன். விழுந்துடுவேன்னு சொன்னா எவன் கேக்கறான்."

அடுத்து சேர்வராயன் கோயில். இதுக்கு மட்டுமே ஒரு ரிவியூ எழுதலாம். மலையோட உச்சி அது, 5,300 அடிக்கு மேல, உச்சில சமதளமா பெரிய மைதானம் மாதிரி, காத்து ஆள தள்ளும். கோயில்ங்கறது ஒரு குகை, குனிஞ்சு தான் உள்ள போகணும், உள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவேரி ஆறு வரைக்கும் போகுதுன்னு சொல்வாங்க. இங்க தான் எங்க அண்ணன் மானத்த வாங்கினாரு. டிரைவர் அண்ணன் பேச்சுவாக்குல, "நாங்க மலையாளிங்க, இது எங்க சாமி"ன்னு சொல்ல, அண்ணன் ரொம்ப சந்தோஷமா, "ஓ சேட்டா, கேரளால எந்த ஊரு?" அப்படீன்னுட்டாரு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. அவருக்கு இது பழக்கம் போல, வாரம் ரெண்டு பேராவது கேப்பாங்களாம். மலையாளின்னா இந்த மலைங்கள்ல இருக்கற பழங்குடி ஜனங்க, சேர்வராயன், கொல்லிமலை, பச்சமலை எல்லாத்துலயும் இருக்காங்க, பேசறது தமிழ், காஞ்சிபுரத்துலருந்து வந்தவங்கன்னு அவங்க பாட்டன் பூட்டன் சொன்ன கத. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி தான். மே மாசம் இந்தக் கோயில் திருவிழாவுக்கு சுத்துப்பட்டு மலை ஊரு ஜனம் எல்லாம் வரும். சாமி கும்புட வர்ற எடத்துல ஸ்பீக்கர்ல பாட்டு வெச்சு ரீல்ஸ் எடுக்கறாங்கன்னு மட்டும் கொஞ்சம் மன வருத்தமா சொன்னாரு. அண்ணன் அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அவர 'சார் சார்'னு கூப்ட்டாரு.

மத்தியான வெயில். இத பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அண்ணி ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்திருந்தாங்க. ஏழைகளின் ஊட்டின்னு யாரோ பேரு வெச்சாலும் வெச்சாங்க, எல்லாரும் ஊட்டி குளிரு இருக்கும்னு நெனைச்சு வராங்க. ஊட்டி 7,000 அடிக்கு மேல, ஏற்காடு 5,000 கிட்ட. சேலம் 900 சொச்சம். 1,000 அடி ஏறினா சுமாரா 2 டிகிரி கொறையும், அப்படி பாத்தா கீழ 39, 40 அடிக்கறப்ப மேல 30ஐ ஒட்டி இருக்கும். அது குளிர் இல்லீங்க, எங்கூர் டிசம்பர் மத்தியானம். குளிரு வேணும்னா டிசம்பர் ஜனவரில வந்து ராத்திரி தங்கணும். மே மாசம் ஸ்வெட்டர வீட்ல வெச்சுட்டு கொடைய எடுத்துட்டு வாங்க, ஏன்னா சாயங்காலம் கோடை மழை வரும்.

அந்த வெயில் நேரத்துக்கு அவர் வெச்சிருந்த எடம் ஆர்க்கிட் தோட்டம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட தேசிய ஆர்க்கிட் தோட்டம், 1963லருந்து இருக்குது. நான் 35 வருஷமா சேலத்துல இருக்கேன், எனக்கே தெரியாது. 16 பாயிண்ட் அட்டைலயும் இத நான் பாக்கல. நிழலு, கூட்டமில்ல, மரத்து மேல ஒட்டி வளர்ற செடி, பூச்சிய புடிச்சு திங்கற குடுவைச் செடி, பெரியவ பயாலஜி புக்குல பாத்தத நேர்ல பாத்துட்டு குதிச்சா. எங்க அத்தைக்கு அது பிடிக்கல, "பூ எங்கடி, எல்லாம் எலையா இருக்குது"ன்னாங்க. அதுவும் நியாயம் தான், எல்லா ஆர்க்கிட்டும் எந்நேரமும் பூக்காது.

சாப்பாட்டுக்கு ஏரி பக்கம் போகாம டவுனுக்குள்ள ஒரு மெஸ்ல நிறுத்தினாரு. சாப்பாடு சுமார், ரசம் மட்டும் மொளகு தூக்கலா நல்லா இருந்துச்சு.

சாப்ட்டதும் அண்ணி காப்பித்தூள் வாங்கணும்னாங்க. இங்க தான் கமிஷன் கடைக்கு வண்டிய விடுவாருன்னு நான் காத்துட்டு இருந்தேன். விடல. ஆனா வாங்கறப்ப என்ன பாக்கணும்னு சொன்னாரு. எஸ்டேட் ஃப்ரெஷ்னு எழுதியிருக்கற பாக்கெட்ட திருப்பி சிக்கரி எத்தனை சதவீதம்னு பாருங்க, சட்டப்படி 49 வரைக்கும் சேக்கலாம், எவ்ளோன்னு பாக்கெட்ல போட்டிருக்கணும். பேரில்லாத கவர்ல அள்ளி குடுக்கறது வேணாம், வறுத்த கொட்டைய கண்ணு முன்னாடி அரைச்சு குடுக்கற கடைல வாங்குங்க. மொளகு வாங்கினா ஒரு கை எடுத்து தண்ணில போட்டுப் பாருங்க, பப்பாளி வெத கலந்திருந்தா மேல மெதக்கும். இதெல்லாம் கேட்டுட்டு அண்ணி கடைக்காரர்கிட்ட போய் ஒரு டம்ளர் தண்ணி குடுங்கன்னு கேட்டாங்க, அந்தாளு பாவம் குடிக்கறதுக்குன்னு நெனைச்சு சில்லுனு குடுத்தாரு.

காப்பித் தோட்டத்துக்குள்ள போய் போட்டோ எடுக்கலாமான்னு பெரியவ கேட்டா. வெள்ளைக்காரன் காலத்துல 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் தான் இங்க காப்பிய கொண்டு வந்தாருன்னு சொல்றாங்க, இன்னிக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சில்வர் ஓக் மரமும் அது மேல மொளகுக் கொடியும் கீழ காப்பிச் செடியுமா தான் இருக்கும். வேலி இல்லாததால நம்மாளுங்க சும்மா பூந்துடறாங்க. அது ஒருத்தரோட வெள்ளாம. மே மாசம் பிஞ்சு புடிச்சிருக்கற நேரம், கெளைய புடிச்சு இழுத்து போஸ் குடுத்தா அத்தனையும் கொட்டிடும். பூ பாக்கணும்னா மார்ச் ஏப்ரல்ல ஒரு நல்ல மழை பேஞ்சு கொஞ்ச நாள்ல வரணும், மல்லி மாதிரி வாசனை, சீக்கிரமே கொட்டிடும். பழம் செவப்பா பாக்கணும்னா நவம்பர்லருந்து ஜனவரி. எஸ்டேட் ரோட்டுல இன்னொரு விஷயம், காட்டெருமை. பொழுது சாயற நேரத்துல ரோட்ட தாண்டும். பாத்தா வண்டிய தூரத்துலயே நிறுத்திட்டு ஹாரன் அடிக்காம, லைட்ட அடிச்சு அடிச்சு காட்டாம சும்மா இருக்கணும். சாதுவா தான் நிக்கும், எறங்கி வீடியோ எடுத்தா தான் வினை. நாங்க ஒண்ணும் பாக்கல, சாணி மட்டும் பாத்தோம், சின்னவன் அதையும் போட்டோ எடுத்துட்டான்.

அவர் சொன்ன மாதிரியே மூணு மணிக்கு மழை புடிச்சுது. அரை மணி நேரம் அடிச்சு ஊத்துச்சு. அண்ணன் சோர்ந்துட்டாரு, லேடீஸ் சீட் போச்சுன்னு. "இப்ப தான் பாக்கணுங்க, கழுவி விட்ட மாதிரி இருக்கும்"ன்னு கூட்டிட்டுப் போனாரு. நெஜமாவே நான் இத்தன வருஷத்துல அப்படி பாத்ததில்ல. மழைல தூசு மூட்டம் எல்லாம் அடங்கி, தூரத்துல மேட்டூர் டேம் தண்ணி ஒரு வெள்ளிக் கோடா மின்னுது. இந்தப் பக்கம் கஞ்சமலை. அடிவாரத்து பக்கம் வெள்ள வெளேர்னு திட்டு திட்டா இருக்கறத பாத்து பக்கத்துல ஒரு குடும்பம் உப்பளம்னு பேசிட்டு இருந்தாங்க. அது மேக்னசைட் சுரங்கம், வெள்ளக்கல். வெள்ளையா இருக்கறதால வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணாம்பு மலைன்னு பேரு வெச்சுட்டான், உண்மைல அது உலைக்கு உள்ள பூசற செங்கல்லுக்கு போற கல்லு. எங்க மாமனாரு அதுல வேல செஞ்சவரு, அதனால அத்தை அந்தக் குடும்பத்துக்கு ஒரு கிளாஸே எடுத்துட்டாங்க. ஆறரைக்கு மேல சேலம் டவுன்ல லைட்டு ஒவ்வொண்ணா எரிய ஆரம்பிச்சுது, அத்தை அம்மாபேட்டை எந்தப் பக்கம்னு தேடிட்டே இருந்தாங்க, அண்ணி ஒண்ணும் பேசல, போன வருஷம் சொன்னத நானும் ஞாபகப்படுத்தல.

அங்கயே கொரங்கு ஒண்ணு சின்னவன் கைல இருந்த சிப்ஸ் கவர புடுங்கிடுச்சு. கவர கைல தெரியற மாதிரி வெச்சுக்காதீங்கன்னு காலைலயே சொல்லியிருந்தாரு. மலை ஏற்றத்துல கார நிறுத்தி கொரங்குக்கு பிஸ்கட் போடறவங்களால தான் அதுங்க ரோட்டுலயே உக்காந்திருக்குது, வண்டில அடிபடுது. குடுக்காதீங்கன்னு போர்டு வெச்சாலும் போர்டு மேலயே உக்காந்து வாங்கித் திங்குது.

எறங்கறதுக்கு முன்னாடி அவர் அண்ணனுக்கு சொன்னது தான் இந்த 1,800 ரூபாய்க்கு பெரிய லாபம்னு எனக்கு தோணுது, அது அவர் வேலையே இல்ல, நாங்க எங்க கார்ல தான் எறங்கறோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல எறங்குங்க, ரெண்டாவதுல போட்டுட்டா இன்ஜினே வண்டிய புடிச்சுக்கும், பிரேக்க விட்டு விட்டு மிதிங்க, அழுத்தியே வெச்சிருந்தா சூடாகி புடிக்காம போயிடும். நியூட்ரல் போடவே கூடாது. ஏறி வர்ற வண்டிக்கு தான் வழி விடணும், வளைவுல ஓவர்டேக் வேணாம். கியர் இல்லாத ஸ்கூட்டில வர்றவங்களுக்கு இன்னும் கஷ்டம், இன்ஜின் அவ்ளோவா புடிக்காது, அங்கங்க நிறுத்தி ஆற விட்டு தான் எறங்கணும். 2024 ஏப்ரல் 30ல இந்த ரோட்டுல ஒரு பஸ் கவிழ்ந்து உயிர்ங்க போச்சு, சேலத்துக்காரங்க யாரும் மறக்கல. அண்ணன் இந்த தடவ ரெண்டாவது கியர்லயே வந்தாரு, வாசனையும் இல்ல வாந்தியும் இல்ல. கோடை விழா நாள்ல வந்தீங்கன்னா ஏற இந்த ரோடு, எறங்க குப்பனூர் ரோடுன்னு திருப்பி விடறது உண்டு, மேப்ப நம்பி போலீஸ்கிட்ட சண்ட போடாதீங்க.

இப்ப ஏன் ஒரு ஸ்டார கொறச்சேன்னா, வண்டி ரொம்ப பழசு. நடு சீட்டுல உக்காந்தா முட்டி தாடைய தொடுது, முட்டி வலி யாருக்குன்னு கேட்டவரு அதையும் யோசிச்சிருக்கலாம். பின் சீட்டுக்கு பெல்ட் இல்ல, பசங்கள வெச்சுட்டு போறப்ப எனக்கு அது உறுத்திட்டே இருந்துச்சு. காலைல பேசி முடிச்சதும் டீ குடிச்சுட்டு வரேன்னு போனவரு 20 நிமிஷம் லேட். ஜிபே வாங்கறாரு தான், ஆனா மேல பல எடத்துல சிக்னல் இல்லாம சுத்திட்டே இருக்குது, கையில காசு வெச்சுக்கோங்க. அப்புறம் பாட்டு, காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் அதே ஒரே பென்டிரைவ்.

அவர் நம்பர் இங்க போட மாட்டேன், அவர்கிட்ட கேக்கல. ஒண்டிக்கடைகிட்ட ஏழரை எட்டு மணிக்கு போய் நில்லுங்க, அட்டைய நீட்டாம முட்டி வலி யாருக்குன்னு கேக்கறவரு தான். கார்த்திகைல கிளியூருக்கு கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு, அத்தை இப்பவே தைலம் தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க.